படிகமும் கணப்பும்

கடைக்காரரின் எடைக்கல்லை அரசு அலுவலர் அவ்வப்போது சோதித்து முத்திரையிடுவதை நாம் அறிவோம். வானொலி அலைகளை அளக்கும் கருவிக்குள்ளும் அவ்வாறு ஓர் எடைக்கல் உண்டு. அது சிறு நாணய அளவேயான குவார்ட்சுப் படிகம். அதைச் சுற்றி அமெரிக்கப் பொறியியலார் அமைத்த சின்னஞ்சிறு கணப்பின் வரலாறு நம்மில் பலர் அறியாதது.

அதிர்வெண் எண்ணி என்னும் கருவியின் வேலை எளியது. ஒரு வாயிலைச் சரியாக ஒரு நொடி திறந்து வைக்கிறது. அதற்குள் நுழையும் அலைகளை ஒவ்வொன்றாய் எண்ணி முகப்பில் காட்டுகிறது. எண்ணுவதில் ஓர் அலை கூடலாம், குறையலாம், அவ்வளவே. ஆனால் அந்த ஒரு நொடி உண்மையிலேயே ஒரு நொடிதானா? அதற்குப் பொறுப்பேற்க வேண்டியது படிகம்.

சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதை 1880-இல் பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் படிகம் அசையும் என்பதும் அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. 1921-இல் வால்டர் கேடி குவார்ட்சைக் கொண்டு அலைவுகளைக் கட்டுப்படுத்தினார். 1927-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வாரன் மாரிசன் குவார்ட்சுக் கடிகாரம் அமைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் படிகத்தின் தேவை பன்மடங்கு பெருகியது. பிரேசிலின் சுரங்கங்களிலிருந்து குவார்ட்சு அமெரிக்காவிற்குச் சென்றது. அப்போதுதான் ஓர் இடர் தலைகாட்டியது. தொழிற்சாலையில் சரியாக இருந்த படிகங்கள், கிடங்கில் கிடந்த நிலையிலேயே அதிர்வெண் மாறின. சில அதிரவே மறுத்தன. போர்முனையில் தம் தோழரை அழைக்க வேண்டிய வானொலி ஊமையாவது எத்துணைக் கொடிது! அரைத்துத் தேய்த்த மேற்பரப்பில் ஒட்டியிருந்த துகள்கள் நாளடைவில் உதிர்வதே காரணம் என்று கண்டு, இறுதி அளவை அமிலத்தால் அரித்துப் பெறும் முறையைக் கையாண்டனர். கல்லும் மூப்படையும் என்பதைப் பொறியியலார் நன்கு உணர்ந்த காலம் அது.

மூப்பு ஒருபுறமிருக்க, வெப்பம் மற்றொரு பகை. காலைக் குளிரில் ஓர் எண்ணும் நண்பகலில் வேறோர் எண்ணும் காட்டும் கருவியை எவர் நம்புவர்? பொறியியலார் கண்ட வழி, படிகத்தை ஒரு சிறு கூட்டிலிட்டு எப்போதும் ஒரே வெம்மையில் வைப்பது. அக்கூட்டை அவர்கள் ‘ஓவன்’ என்பர். குளிர்விக்காமல் சூடேற்றுவானேன் என்று கேட்கத் தோன்றும். அறையின் உச்ச வெப்பத்திற்கும் மேலான ஒரு நிலையைத் தேர்ந்துவிட்டால், சூட்டைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே நிலைநிறுத்தலாம். குளிர்விக்கும் பொறி வேண்டியதில்லை. மேலும், படிகத்தை வெட்டும் கோணத்தைப் பொறுத்து, சிறு வெப்ப மாற்றம் அதிர்வெண்ணை ஏறத்தாழப் பாதிக்காத ஒரு வெப்பநிலை அமையும். கூட்டின் சூட்டை அங்கேயே நிறுத்துவர். இது வெறும் சூடேற்றல் அன்று, நுண்ணிய தேர்வு.

1963-இல் வெளிவந்த ஹியூலட் பேக்கர்டு 5245எல் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் எட்டு நிக்சிக் குழல்களில் இலக்கங்கள் செம்மஞ்சளாய் ஒளிரும். அதன் படிகம் நாளொன்றுக்கு நூறு கோடியில் மூன்று பங்குக்கு மேல் பிறழாது என்றனர். சிறிதுதான், ஆனால் ஒரே திசையில் ஓராண்டு நகர்ந்தால், ஒரு கோடி அலைகளை எண்ணும்போது பதினொன்று பிழையாகிவிடும். ஆகவே எடைக்கல்லுக்கும் அவ்வப்போது சோதனை வேண்டியதாயிற்று. 1975-இல் எர்நிஸ் முன்மொழிந்த புதிய வெட்டுமுறை வெப்ப அதிர்ச்சியையும் எளிதில் தாங்கிற்று. அதைக் கையாண்ட 10811 என்னும் அலைவியற்றியில் ஒருநாள் பிறழ்வு ஆயிரம் கோடியில் ஐந்து பங்காகக் குறைந்தது.

இக்கருவிகளில் நம்மை மிகவும் கவர்வது முகப்பிலுள்ள மின்விசை. அதனை அணைத்தாலும் கருவி முழுவதும் உறங்குவதில்லை. மின்கம்பி சுவரில் செருகியிருக்கும் வரை ஓவன் மட்டும் விழித்திருந்து படிகத்தைக் காக்கும். ஒருமுறை ஆறிய படிகம் மீண்டும் சூடேறும்போது பழைய அதிர்வெண்ணுக்கே துல்லியமாகத் திரும்புவதில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு.

1967 முதல் நொடியின் இலக்கணம் சீசியம் அணுவின் 919,26,31,770 அலைவுகளாயிற்று. அரசுரிமை அணுவுக்குப் போனாலும், அணுக்கடிகாரத்தின் உள்ளேயும் குவார்ட்சு அலைவியற்றி ஒன்று பணியாற்றுகிறது. ஆய்வகங்கள் கழித்துவிட்ட பழைய எண்ணிகளை வானொலி ஆர்வலர் வாங்கிச் செல்கின்றனர். பல ஆண்டுகள் ஆறிக்கிடந்த படிகம் தொடக்கத்தில் விரைந்து பிறழும். அதனால் சில வாரங்கள் மின்கம்பியைப் பிடுங்காமல் விட்டுவைத்து, அது அமைதியடைந்த பின்னர், செயற்கைக்கோள் தரும் நேரத்தோடு ஒப்பிட்டு, கூட்டிலுள்ள சிறு திருகைச் சற்றே திருப்புகின்றனர்.