தானம் அல்ல, நீதி: யூதக் குழந்தைகள் அறம் பழகுவது எப்படி? கொச்சி சொல்லும் பாடம் என்ன?

வித்துரா ஐஐஎஸ்இஆர்-ல் வேலை பார்க்கிறீங்களா? பொன்முடி பார்த்தாச்சா? அடுத்த லீவுக்குக் கொச்சி மட்டாஞ்சேரி போய்ட்டு வாங்க. சுமார் 200 கி.மீ. தூரம்தான். அங்கே 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயம் இருக்கிறது. குழந்தைகளுக்கு நீதியைச் சொல்லிக் கொடுப்பது பற்றி அந்தக் கட்டடத்தில் ஒரு கதை உண்டு.

செதாக்கா என்றால் என்ன?

இல்லாதவருக்குக் கொடுப்பதை யூதர்கள் 'செதாக்கா' என்பார்கள். நீதியைக் குறிக்கும் 'செதெக்' என்ற எபிரேயச் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. அதாவது, கொடுப்பது பெருந்தன்மை இல்லை, கடமை. நம்ம ஊரிலும் நியாயத்துக்கும் தர்மம், பிச்சை போடுவதற்கும் தர்மம்தானே!

வீட்டில் எப்படிப் பழக்குகிறார்கள்?

பல வீடுகளில் ஓர் உண்டியல் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்கும் முன் பிள்ளைகள் அதில் காசு போடுவார்கள். காசே இல்லாமல் செய்யக்கூடியது 'கெசெத்', அதாவது அன்புச் செயல். நோயாளியைப் போய்ப் பார்ப்பது, துக்க வீட்டில் கூட இருப்பது, விருந்தாளியைக் கவனிப்பது எல்லாம் இதில் சேரும்.

பொறுப்புக்கு வயதும் உண்டு. பெண் குழந்தைக்கு 12, ஆண் குழந்தைக்கு 13. அதன்பின் தன் செயலுக்குத் தானே பொறுப்பு.

பாஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்க வேண்டும். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுதலை பெற்ற கதைதான் அதற்குப் பதில்.

கொச்சியில் என்ன நடந்தது?

இந்தக் கதையை ஆண்டுதோறும் சொன்ன பரதேசி யூதர்கள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் சந்ததியினரைத் தங்களுக்குச் சமமாக நடத்தவில்லை. ஜெப ஆலயத்துக்குள் சமமான இருக்கை இல்லை, வேதம் வாசிக்க அழைக்கப்படும் உரிமையும் இல்லை.

அந்தப் பரம்பரையில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்து, கொச்சி சமஸ்தான சட்டமன்ற உறுப்பினரானவர். முதலில் ஜெப ஆலயத்தைப் புறக்கணித்தார். பிறகு அதற்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். பாகுபாடு ஒரே நாளில் போகவில்லை, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்ந்தது. 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு அப்படி வந்ததுதான்.

நமக்கு இதில் என்ன?

உண்டியலில் காசு போடப் பழக்குவது ஈஸி. "நம்ம வீட்ல இது நியாயமா?" என்று குழந்தை திருப்பிக் கேட்கும்போதுதான் சொல்லிக் கொடுத்த பாடம் சோதனைக்கு வரும். யூத மரபு குழந்தையின் கேள்விக்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் கொச்சியில், உள்ளேயிருந்தே ஒருவர் கேட்டபோதும் பதில் வரத் தாமதமானது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர் என்று உங்க பிள்ளை கேட்டால், என்ன சொல்வீங்க?