வெள்ளைப் புள்ளியும் பச்சைச் சாயமும்



பிள்ளைகளின் நச்சரிப்புக்காக மீன்தொட்டி வாங்கி வைத்த வீடுகள் எங்களுக்குள் நிறைய உண்டு. ஒருநாள் பார்த்தால் மீனின் உடம்பிலும் செட்டையிலும் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மீன் அடியிலுள்ள கற்களில் உடம்பைத் தேய்க்கும். சில நாட்களில் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும். பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? இந்த நோயை மனிதர் விளங்கிக்கொண்ட கதைதான் இம்மாத உரை.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் மோகம் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பெருகியது. 1853இல் இலண்டன் றீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் 'அக்குவாரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. ஆற்றில் பரந்து திரிந்த மீன்களைச் சிறு தொட்டிக்குள் நெருக்கி வைத்தால் ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம்தானே.

1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த ஒட்டுண்ணியை விவரித்து இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயர் வைத்தார். 'பிள்ளைகள் பலவுள்ள மீன்பேன்' என்பது பொருள். உண்மையில் அது பேன் அல்ல, ஒற்றைக் கலத்தாலான உயிர். ஆனால் 'பிள்ளைகள் பல' என்றது மிகச் சரி. மீனின் தோலுக்கு அடியில் தின்று கொழுத்தபின் அது வெளியே விழும். தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஓர் உறைக்குள் இருந்தபடி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை ஏறக்குறைய இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். 25 பாகை செல்சியஸ் நீரில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்நீரில் பல வாரங்கள் எடுக்கும்.

தோலுக்கு அடியில் இருப்பதை மருந்து எட்டாது. உறைக்குள் இருப்பதையும் எட்டாது. நீந்தும் குஞ்சுகள் மட்டுமே அகப்படும். கணக்கு வேலை செய்பவன் கண்ணுக்கு இது புத்தகத்தில் எழுதாத கடன். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள் அடுத்த வாரம் வட்டியோடு கட்டுகிறார்கள். மருந்து இல்லாமலும் ஒரு வழி உண்டு: மீனை நாள்தோறும் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி, விழுந்தவற்றைப் பழைய தொட்டியோடு விட்டுவிடுவது. மினக்கெட்ட வேலை, ஆனால் பலன் தரும்.

பட்டுக்கும் தோலுக்கும் நிறமூட்டிய மலகைற் கிறீன் என்ற சாயம், மீன்களின் பூஞ்சண நோய்க்கு உதவும் என்று 1936இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. 1972இல் லெட்டோ, மேயர் என்ற இருவர் அதனுடன் போமலினைக் கலந்து வெள்ளைப்புள்ளிக்குக் கொடுக்கும் முறையை வெளியிட்டார்கள். இரண்டும் சேர்ந்தபோது தனித்தனியாகக் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தன. ஆனால் அந்தச் சாயத்தின் எச்சம் மீனின் தசையில் நெடுநாள் தங்கும். புற்றுநோய் ஐயமும் எழுந்தது. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் உணவு மீன்களுக்கு அதைப் பயன்படுத்த அனுமதியில்லை. ட்றவுட் பண்ணைக்காரருக்கு அது பெரிய இழப்பு. அலங்கார மீன்களுக்கான மருந்துகளில் மட்டும் பல நாடுகளில் இன்னும் இருக்கிறது.

வீட்டில் பாவிப்பவர்கள் கையுறை போடுங்கள். செதிலில்லாத கெளுத்தி இன மீன்கள் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வெப்பமண்டல மீன்களானால் நீரை 30 பாகை வரை மெல்ல மெல்லச் சூடாக்கலாம். சூடான நீரில் ஒட்சிசன் குறைவு என்பதால் காற்றுக் குமிழி ஓடட்டும். வடிகட்டியில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், அது மருந்தையெல்லாம் உறிஞ்சிவிடும்.