நாலு பேர், இரண்டு சக்கரம்

சென்னையில் தயாரான பேர்பெற்ற மோட்டார் சைக்கிளான புல்லட், குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு உரமான வண்டி தேவைப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய அரசு 350 சிசி புல்லட்டுகள் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று ராயல் என்ஃபீல்டிடம் கேட்டது. இங்கிலாந்தின் ரெடிச் ஊரிலிருந்த அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது.

ஆனால் அந்தக் காலத்து மெட்ராஸ் குமாஸ்தாவுக்குப் புல்லட் ஒரு சத்தம் மட்டுமே. ஓட்டியவர்கள் போலீஸ்காரர்கள், காண்ட்ராக்டர்கள், நிலபுலன் உள்ளவர்கள். எடை நூற்றறுபது கிலோவுக்கு மேல். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிக்கரை உதைக்கத் தெரியாதவனின் கணுக்காலை அது பதம் பார்த்துவிடும். மாதச் சம்பளக்காரர் சைக்கிளில் போனார், அல்லது பஸ் படிக்கட்டில் தொங்கினார்.

கார் அவர் கணக்கிலேயே வரவில்லை. அம்பாசடர், ஃபியட், பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு: நாடு முழுவதற்கும் இருந்தது ஏறத்தாழ இவ்வளவுதான். எந்த ஆலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதைத் தில்லி தீர்மானித்த லைசென்ஸ் காலம் அது. ஸ்கூட்டருக்கே வரிசை. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக்குக்குப் பணம் கட்டிவிட்டுப் பத்து வருஷம்கூடக் காத்திருந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் பேசிவிட்டு, பேரன் பள்ளிக்கூடம் போகும் வயதில் அதை டெலிவரி எடுத்தார்கள் என்று கேலி பேசினால், அதில் மிகை கொஞ்சம்தான்.

அந்த வரிசையை உடைத்தது ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டிவிஎஸ் 50. பார்த்தால் சைக்கிளுக்கு மோட்டார் வைத்தது மாதிரி இருக்கும். பெடல் உண்டு, கியர் இல்லை. ஆனால் மொபெட்டில் இரண்டு பேர் உட்காரலாம் என்பது அன்று புதுசு. நகரம் அதை வாங்கியது மட்டுமல்ல, தன் இஷ்டத்துக்கு மாற்றியும் கொண்டது. முன்னால் காலியாக இருந்த இடத்தில் பால் கேன் ஏறியது, அரிசி மூட்டை ஏறியது, பூக்கூடை ஏறியது. பெயின்டர் ஏணியோடு போனார், எலக்ட்ரீஷியன் வயர் சுருளோடு போனார். அதன் வாரிசான எக்ஸ்எல் இன்றும் கோயம்பேட்டுச் சந்தை வாசலில் இதே வேலையைத்தான் செய்கிறது. காரோ குட்டியானையோ நுழைய முடியாத சந்துகளுக்கு இதைவிடத் தோதான வண்டியை யாரும் இன்னும் செய்யவில்லை.

பிறகு ஜப்பான். 100 சிசி வரையிலான வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டை அரசு அனுமதித்ததும், 1984-இல் இண்ட்-சுசுகி, அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று அடுத்தடுத்து இறங்கின. இளவட்டங்கள் ஆர்எக்ஸின் சத்தத்தில் மயங்கினார்கள். குடும்பஸ்தர்கள் சிடி 100 பக்கம் சாய்ந்தார்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், சொட்டுப் பெட்ரோலையும் வீணாக்காது. மாதக் கடைசியில் டேங்க்கைக் குலுக்கிப் பார்த்து வண்டியை எடுப்பவருக்கு அதுதானே முக்கியம்.

குடும்பம் முழுசாக வண்டியில் ஏறியது இந்தக் காலத்தில்தான். பெட்ரோல் டேங்க் மேல் மூத்த பிள்ளை, ஹேண்டிலைப் பிடித்து அப்பா, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த அம்மா, அவர் மடியில் சின்னது. சட்டம் வேறு கணக்குப் போட்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் ஏறக் கூடாது. ‘ட்ரிபிள்ஸ்’ போனால் போலீஸ் பிடிக்கும். இளைஞர்கள் மூவர் என்றால் விசில் உடனே வரும். குழந்தைகளோடு வருபவரைக் கண்டால் பல நேரம் வராது. சட்டத்துக்கும் தெருவுக்கும் இடையே இப்படி எழுதாத ஓர் ஒப்பந்தம் ஓடியது. இத்தனைக்கும் அரசு சேலையை மறக்கவில்லை. பின்னால் இருப்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளே சொல்கின்றன. பின்னால் உட்காரப் போவது சேலை கட்டிய பெண் என்று தெரிந்த அரசுக்கு, அவர் மடியில் ஒரு பிள்ளை இருக்கும் என்பது மட்டும் தெரியாமலா போயிருக்கும்?

ஹெல்மெட் விஷயத்திலும் இதே இழுபறிதான். 2007 ஜூனில் தமிழ்நாட்டில் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாளில் பிடி தளர்ந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 ஜூலை முதல் மறுபடி கட்டாயம், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து. ஒரு வீட்டுக்கு நாலு ஹெல்மெட் வாங்க யாரும் கடைக்கு ஓடியதாகத் தெரியவில்லை.

மழையில் ஸ்கூட்டரில் நனைந்து போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் மலிவுக் கார் செய்யும் எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்ற பேச்சோடு 2008-இல் நானோ அறிமுகமானது, 2018-இல் உற்பத்தி முடிந்தது. நனைந்த குடும்பம் அதில் ஏறவில்லை. காரணங்கள் பல சொல்வார்கள். சென்னையைப் பொறுத்தவரை எளிய காரணம் ஒன்று உண்டு: திருவல்லிக்கேணியிலோ வியாசர்பாடியிலோ அந்தக் காரை இரவில் எங்கே நிறுத்துவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 21 சதவீதத்திடம் இருசக்கர வாகனம் இருந்தது. கார் இருந்தது 4.7 சதவீதத்திடம்.

2010-கள் முடிவதற்குள் பின்சீட்டில் இருந்த பெண் முன்சீட்டுக்கு வந்துவிட்டார். கைனடிக் ஹோண்டா, ஸ்கூட்டி, ஆக்டிவா என்று கியர் இல்லாத வண்டிகள் அதற்கு வழி விட்டன. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வண்டி வாங்க, விலையில் பாதி அல்லது ரூ.25,000, இரண்டில் எது குறைவோ அதை மானியமாகத் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் சென்னையில் தொடங்கியது. 2021-இல் ஆட்சி மாறியது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, ஸ்கூட்டர் மானியம் நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பஸ் வந்துவிட்டதே என்று வண்டியை விற்றுவிடவில்லை.