கூலிங் கிளாஸும் காணாமற்போகும் எண்களும்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை பெரும்பாலும் மேற்கு நோக்கியே போகிறது. பௌர்ணமிக் கிரிவலத்துக்காகச் சென்னையிலிருந்து பிற்பகலில் புறப்படுவோர் செஞ்சியைத் தாண்டும் வேளையில், சூரியன் அவர்கள் கண்ணுக்கு நேரே இறங்கிக்கொண்டிருக்கும். போலராய்டு வகைக் கூலிங் கிளாஸ் ஒன்றை அணிந்துகொண்டால் தார்ச்சாலையின் பளபளப்பும், முன்னே செல்லும் வண்டியின் மினுக்கமும் அடங்கிவிடுகின்றன. ஆனால் காரின் முன்கண்ணாடியில் மிதப்பதுபோல் வேகத்தைக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே இருந்தால், அந்த எண்களும் சேர்ந்தே மங்குகின்றன. சில கார்களில் அடியோடு மறைந்துவிடுகின்றன. தலையைத் தோள்பக்கம் சற்றே சாய்த்தால் மீண்டும் தோன்றும். கருவி பழுதாகிவிட்டதென்று தோன்றும், பழுது ஏதுமில்லை. இந்த மறைவுக்கு இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

அந்த வரலாறும் மாலைச் சூரியனிலும் ஒரு கண்ணாடிச் சன்னலிலும்தான் தொடங்குகிறது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் பொறியாளராகப் பணியாற்றிய எத்தியேன் லூயி மாலுஸ், 1808இல் பாரிஸில் தம் வீட்டிலிருந்து எதிரே லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களைப் பார்த்தார். அவற்றில் பட்டுத் திரும்பிய அந்திவெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் ஊடே நோக்கினார். எதையும் இரட்டையாகக் காட்டும் படிகம் அது. அதைச் சுழற்றச் சுழற்ற, இரு பிம்பங்களில் ஒன்று மங்கி, மற்றொன்று துலங்கியது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி சாதாரண ஒளி அன்று, அதன் அதிர்வு ஒரு தளத்துக்குள் ஒழுங்குபட்டுவிடுகிறது என்ற அறிவு இங்கிருந்து வளர்ந்தது. நம் பாடநூல்கள் இதைத் 'தளவிளைவு' என்கின்றன. முதலில் கேட்கையில் ஒன்றும் புரியாத சொல், பழகியபின் பொருத்தமானதுதான். 1815இல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் அதற்குரிய கோணத்தைக் கணக்கிட்டார். செங்குத்திலிருந்து அளந்தால் கண்ணாடிக்கு ஏறக்குறைய 56 பாகை, தண்ணீருக்கு 53. அந்தக் கோணத்தில் திரும்பும் ஒளியின் அதிர்வு முழுவதும் பரப்புக்கு இணையாகவே இருக்கும். தரையிலும் நீரிலும் பட்டுவரும் கூச்சம் கிடைமட்டமாக அதிர்வது இதனால்தான். அதைத் தடுக்கும் வடிகட்டிதான் போலராய்டுக் கண்ணாடி.

இந்த வித்தையை மிக அழகாகப் பயன்படுத்தியவர் ஒரு தமிழர். 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்னும் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமனின் பையில் ஒரு சிறு நிக்கல் பட்டகம் இருந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது பெரிய அறிவியலாளரான ராலே பிரபுவின் கருத்து. ராமன் புரூஸ்டர் கோணத்தில் அலைகளைப் பட்டகத்தின் வழியே பார்த்து, பிரதிபலித்த வானத்தை அணைத்துவிட்டார். ராலே சொன்னது சரியென்றால் நீலமும் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை, முன்னிலும் ஆழ்ந்தது. நீலம் நீரினுள்ளிருந்தே சிதறி வருகிறது என்ற அந்த முடிவை அதே ஆண்டு 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். 1928 பிப்ரவரி 28இல் அவரையும் கே. எஸ். கிருஷ்ணனையும் ராமன் விளைவுக்குக் கொண்டுசேர்த்த ஆராய்ச்சி இங்கேதான் வேர்விட்டது. கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டு கப்பல் தளத்தில் நின்றபடியே செய்த சோதனை என்பதால், அவருடைய பிற்காலப் பெருமைகளைவிட இதுவே எனக்கு மனத்துக்கு நெருக்கமானது.

நிக்கல் பட்டகம் விலையுயர்ந்தது. விரல் அளவே கிடைக்கும். அதை மலிவான தகடாக்கும் வழி விந்தையானது. 1852இல் பிரிஸ்டல் மருத்துவர் ஹெராபாத்தின் மாணவர், கொயினா ஊட்டப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடின் விழுந்தபோது பச்சைநிற ஊசிப் படிகங்கள் உண்டாவதைக் கண்டார். அவை ஒளியைத் தளவிளைவு செய்தன. புரூஸ்டரின் கலைடாஸ்கோப் நூலில் இதைப் படித்த எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்க இளைஞர், அந்த நுண்படிகங்களை வரிசையாக அடுக்கி மெல்லிய தகடாக்கி, 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் மனத்தில் இருந்தது கூலிங் கிளாஸ் அன்று, இரவுச் சாலை. எல்லா முகப்பு விளக்குகளிலும் இத்தகட்டை 45 பாகைச் சாய்வில் பொருத்தி, ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னும் அதே சாய்வில் ஒன்றை வைத்தால், எதிரே வரும் வண்டியின் சாய்வு நேர்மாறாகி அதன் கூச்சம் அணைந்துவிடும். தன் விளக்கின் வெளிச்சம் மட்டும் தெரியும். எளிய, மேதைமை மிகுந்த யோசனை. எல்லா வண்டிகளும் ஒரே சமயத்தில் மாறினாலன்றிப் பயனில்லை. தகடு வெளிச்சத்தில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். கார்த் தொழிற்சாலைகள் இழுத்தடித்தன, இரண்டாம் உலகப் போருக்குப் பின் திட்டமே கைவிடப்பட்டது. 1937இல் போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய லாண்டுக்கு வருமானம் தந்தது வெயில் கண்ணாடி. ஓட்டுநருக்காகப் பிறந்த பொருள் கடற்கரைக்குப் போய்விட்டு, வெகுகாலம் கழித்துத்தான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வந்து அமர்ந்தது.

இதற்கிடையில் வானத்தில் வேறொரு கருவி வளர்ந்தது. உலகப் போர் விமானங்களின் குறிபார்க்கும் கண்ணாடியே பின்னர் ஹெட்-அப் டிஸ்ப்ளே ஆயிற்று. 1958இல் முதலில் பறந்த பிரிட்டனின் பக்கனீர் விமானம் இதில் முன்னோடி. நம் தேஜஸ் விமானத்துக்கு இதைச் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாக்கியது. 1988இல் ஓல்ட்ஸ்மொபைல் கார் அதைத் தரைக்கு இறக்கியது. இந்தியாவில் 2022இன் மாருதி பலேனோவில், டாஷ்போர்டின் மேல் எழும் சிறு கண்ணாடித் தகடாக நடுத்தர வீட்டுக் காருக்குள்ளும் வந்துவிட்டது. முன்கண்ணாடியையே திரையாக்கும் வகையில், எண்கள் கண்ணாடிக்குப் பல அடி அப்பால் மிதப்பதுபோல் தெரியும். சாலையிலிருந்து பார்வையை எடுக்க வேண்டாம் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் அந்த எண்கள் வெறும் பிரதிபலிப்பு. சாய்ந்த முன்கண்ணாடியில் ஒளி புரூஸ்டர் கோணத்தை ஒட்டியே விழுகிறது. கிடைமட்ட அதிர்வே நன்றாகத் திரும்பும் என்பதால் கருவியை வடிவமைப்பவர்களும் அதையே அனுப்புகிறார்கள். ராமன் வானத்தை அணைத்த அதே முறையில் மூக்கின்மேலுள்ள கண்ணாடி வேகத்தை அணைத்துவிடுகிறது. போலராய்டு லென்ஸ்கள் விமானிகளுக்கு ஏற்றவை அல்ல என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொல்வதும் இத்தகைய திரைகளை எண்ணித்தான்.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. முன்கண்ணாடியின் அடுக்குகளுக்கிடையே தனிப் படலம் வைத்துச் செங்குத்து அதிர்வைத் திருப்பியனுப்பும் முறை வந்திருக்கிறது, செலவு அதிகம். அதிர்வின் திசையையே திருப்பும் தகடுகளும் உண்டு. எல்லா நிறத்துக்கும் ஒன்றுபோல் இயங்கும் அத்தகைய தகட்டுக் கூட்டை 1955இல் பெங்களூரில் ஆராய்ந்தவர் ராமனின் மருமகன் எஸ். பஞ்சரத்தினம். வயது இருபத்தொன்று. 1969இல் முப்பத்தைந்து வயதில் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் தகடுகள் இன்றும் ஒளியியல் கூடங்களில் விற்பனையாகின்றன.

ஓட்டுநருக்கு இன்றைக்குக் கைகொடுப்பது, தளவிளைவில்லாத சாதாரணக் கறுப்புக் கண்ணாடி. கூச்சத்தை அவ்வளவாக வெட்டாது, எண்களை விட்டுவைக்கும். இருட்டியபின் அதையும் கழற்றியாக வேண்டும். பௌர்ணமி இரவில் செஞ்சிச் சாலையில் எதிரே வரும் வண்டிகளின் எல்.இ.டி. விளக்குகள் கண்ணைப் பறிக்கின்றன. லாண்ட் தீர்க்க நினைத்த அந்தக் கூச்சத்துக்கு, டிம் அடிக்கச் சொல்லி விளக்கை அணைத்தணைத்துப் போடுவதைத் தவிர இன்றும் நம்மிடம் வேறு வழி கிடையாது.