கேத்தரின் சொத்து, யேல் பேரு

சிதம்பரத்துல பஸ் ஏறி கடலூர்ல இறங்கி, தேவனாம்பட்டினம் பீச் போயிருக்கீங்களா? அங்கதான் புனித டேவிட் கோட்டை. 1690-ல செஞ்சியில இருந்த மராட்டிய அரசர் ராஜாராம்கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இதை வாங்கினப்போ, மெட்ராஸ் கவர்னர் எலைஹு யேல். கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு விழுற தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு. குண்டு உப்பலவாடிங்கற ஊர்ப் பேர்ல அந்தக் குண்டு இன்னும் இருக்குன்னு சொல்வாங்க.

அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டியும் இவர் பேர்லதான். இவ்வளவு பெரிய ஆளுக்கு முதல் எங்கிருந்து வந்துச்சு? அதுக்கு அவர் கல்யாணக் கதைக்குப் போகணும்.

1672-ல மெட்ராஸ் வந்தப்போ யேல் சாதாரண கிளார்க். அந்த வேலைக்கு வருஷச் சம்பளம் 10 பவுண்டு. ஆசியாவுக்குள்ள சொந்தமா வியாபாரம் பண்ணிக்கலாம்னு கம்பெனி விட்டிருந்துச்சு. ஆனா கையில காசு வேணுமே.

1680-ல கம்பெனியோட மூத்த அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ் இறந்துபோறார். நல்ல வசதி. சொத்து மனைவி கேத்தரினுக்கு வருது. அதே வருஷம் நவம்பர் 4, புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ள புதுசாத் திறந்த புனித மேரி சர்ச்ல கேத்தரினுக்கும் யேலுக்கும் கல்யாணம். அந்த சர்ச்சோட முதல் கல்யாணமே அதுதான்.

காதலும் இருந்திருக்கலாம். ஆனா சட்டத்தைப் பாருங்க. அன்னைய இங்கிலாந்துல ஒரு பெண் விதவையா இருக்கற வரைக்கும் தன் சொத்தைத் தானே ஆளலாம். மறுபடி கல்யாணம் ஆனா, தனியா ஒப்பந்தம் எழுதி வெச்சிருந்தாலொழிய, பணம், நகை, சரக்கு எல்லாம் புருஷனுக்கு. கேத்தரின் கொண்டுவந்த சொத்துதான் யேலோட வியாபாரத்துக்கு அடித்தளமாச்சு. 1687-ல அவர் கவர்னர்!

அப்புறம் கேத்தரின் குழந்தைங்களோட இங்கிலாந்து கிளம்பிட்டாங்க. யேல் இங்க ஜெரோனிமா டி பைவாங்கறவங்களோட வாழ்ந்தார். அவங்க யாரு? ஒரு வைர வியாபாரியோட விதவை. யேலும் வைர வியாபாரம் பண்ணவர்தான்.

1692-ல ஊழல் புகார்ல கவர்னர் பதவி போச்சு. பணம் போகல. 1718-ல அமெரிக்காவுல ஒரு சின்ன கல்லூரிக்கு அவர் அனுப்பின சரக்கு சுமார் 562 பவுண்டுக்கு வித்துச்சு. கூடவே 417 புத்தகம். கல்லூரிக்கு அவர் பேரே வெச்சுட்டாங்க. கேத்தரின் பேரு எங்கயும் இல்ல.

உங்க வீட்லயும் கேட்டுப் பாருங்க: பாட்டியோட நகை எந்தக் கடைக்கு முதலாச்சு? போர்டுல யார் பேரு இருக்கு? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.