கங்கை நீரும் கோமுகத்துப் பனிக்குகையும்



நான் பல ஆண்டுகளாக வகுப்பறையில் செய்துவந்த ஒரு பிழையையும், அது திருந்திய விதத்தையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாம் வாழும் பினாங்கு, 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கும் வரை கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட தீவாக இருந்தது. அந்தக் கெடாவைத்தான் நம் முன்னோர் கடாரம் என்றனர். வானம் தெளிந்த நாளில் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கினால், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. ஆகவே, கங்கையும் கடாரமும் கொண்ட முதலாம் இராசேந்திர சோழனைப் பற்றிப் பேசும்போது நம் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடும்.

அந்த உற்சாகத்தை வளர்ப்பதற்காக நான் கரும்பலகையில் ஒரு படம் வரைவது வழக்கம். மேலே இமயமலை, அதில் பசுவின் வாயைப் போன்ற ஒரு பனிக்குகை, குகையிலிருந்து பாயும் கங்கை, அருகே குடங்களுடன் சோழப் படைவீரர். "கங்கை பிறக்கும் குகைவாயிலில் நம் வீரர்கள் நீர் முகந்தனர்" என்று பெருமிதத்துடன் கூறுவேன். எந்த மாணவரும் மறுத்ததில்லை.

2018-ஆம் ஆண்டில் ஆண்டு ஐந்து மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், அங்க எல்லாமே ஐஸ்னா, குடத்துல தண்ணி கொண்டு வந்தாங்களா, ஐஸ் கட்டி கொண்டு வந்தாங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் மட்டுமே பனியைக் கண்ட பிள்ளைகள் அல்லவா? நானும் சிரித்தேன், ஆயினும் விடை கூற இயலவில்லை. அவ்வாண்டு ஜூன் விடுமுறையில் எங்கள் யாத்திரைக் குழு கங்கோத்திரிக்குச் செல்லவிருந்தது. "குகைக்குள் சென்று படம் எடுத்து வருகிறேன்" என்று வாக்களித்துவிட்டுப் புறப்பட்டேன்.

கங்கோத்திரிக் கோயிலிலிருந்து கோமுகம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நடைப்பயணம். நாளொன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே வனத்துறை அனுமதி வழங்குகிறது. ஊசியிலை மரங்கள் நிறைந்த சீர்பாசாவைக் கடந்து, பூர்ச்ச மரங்களால் பெயர்பெற்ற போஜ்பாசாவில் இரவு தங்கி, மறுநாள் விடியலில் வழிகாட்டியுடன் புறப்பட்டோம். கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் பினாங்குக் கொடிமலையின் உயரம் 833 மீட்டர்தான். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது.

நான் கற்பனை செய்திருந்த வெண்ணிறக் குகை அங்கில்லை. பனியாற்றின் முகப்பு முழுவதும் மண்ணும் பாறைத் துண்டுகளும் மூடிச் சாம்பல் நிறமாக இருந்தது. உடைந்த பகுதிகளில் மட்டும் நீலப் பனி தெரிந்தது. அழுத்தம் மிகுந்து காற்றுக்குமிழ்கள் குறைந்த பனிக்கட்டி, ஒளியின் செந்நிறப் பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் அந்த நீலம் தோன்றுகிறது. அடியில் இருண்டதொரு வளைவு. அதிலிருந்து பாகீரதி பேரிரைச்சலுடன் கலங்கி வெளிப்பட்டது.

தொலைவிலேயே வழிகாட்டி எங்களை நிறுத்திவிட்டார். வாக்களித்த படத்தை எண்ணி நான் மேலும் இரண்டடி வைத்தேன். "வேண்டாம், தீதி! அது குகை இல்லை, உருகும் கூரை" என்று இந்தியில் அதட்டினார். சற்று நேரத்தில் முகப்பின் ஒரு பகுதி பெயர்ந்து நீரில் விழுந்தது. அந்த ஓசை மலைகளில் எதிரொலித்து அடங்கும் வரை எங்களில் ஒருவரும் பேசவில்லை.

அவர் சொன்னதன் பொருளைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். பனியாற்றின் மேற்பரப்பில் உருகும் நீர் வெடிப்புகளின் வழியே உள்ளிறங்குகிறது. அடித்தளத்தை அடைந்து சுரங்கம்போல் வழி அறுத்துக்கொண்டு முகப்பில் வெளிவருகிறது. அச்சுரங்கத்தின் வாயே பனிக்குகை. நீரும் வெளிக்காற்றும் அதனை அகலப்படுத்திக்கொண்டே இருக்க, கூரை மெலிந்து ஒருநாள் இடிகிறது. வேறிடத்தில் வேறு வாய் தோன்றுகிறது. 2016-ஆம் ஆண்டு ஜூலையில் கோமுகத்தின் முகப்பில் ஒரு பெரும்பகுதி இடிந்து, பனிக்கட்டிகள் கங்கோத்திரி வரை மிதந்து வந்தன.

இக்குகையைப் பற்றிய வரலாறும் சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நிலப்படங்கள், கங்கை திபெத்தின் பக்கம் தோன்றி, இமயத்தைக் குகை வழியாகத் துளைத்துக்கொண்டு பசுவாய் போன்ற இடத்தில் வெளிவருவதாகக் காட்டின. இதனை ஆராய 1808-இல் வெப், ரேப்பர், ஹியர்சி என்னும் மூவர் அனுப்பப்பட்டனர். பாதையின் கடுமையால் அவர்களால் கங்கோத்திரியை எட்ட முடியவில்லை. உடனிருந்த இந்திய எழுத்தர் ஒருவரை மேலே அனுப்பி விவரம் அறிந்தனர். ஆற்றின் பிறப்பிடம் இமயத்தின் தென்புறத்திலேயே உள்ளது என்ற முடிவுக்கும் வந்தனர். பின்னர் 1817-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், ஜான் ஹாட்சன் என்னும் நில அளவையாளர் ஜேம்ஸ் ஹெர்பர்ட்டுடன் பனியாற்றின் வாயிலை அடைந்தார். தாழ்வான பனி வளைவின் அடியிலிருந்து ஆறு வெளிப்படுவதையும், அதன்மேல் ஏறத்தாழ 300 அடி உயரத்திற்குப் பனிச்சுவர் செங்குத்தாக நிற்பதையும், அச்சுவரில் ஆண்டுக்கு ஓர் அடுக்கு என எண்ணத்தக்க படிவுகள் இருப்பதையும் அவர் எழுதிவைத்தார்.

அவர் கண்ட வளைவு இன்றில்லை. அது இருந்த இடத்தில் பனியும் இல்லை. 1935-ஆம் ஆண்டுக்கும் 1996-ஆம் ஆண்டுக்கும் இடையில் மட்டும் பனியாற்றின் முகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியுள்ளது. கோமுகம் என்னும் பெயர் அப்படியே நிற்க, அப்பெயருக்குரிய இடம் மலையேறிக்கொண்டே போகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது எங்கிருந்தது என்று எண்ணியபோதுதான் என் கரும்பலகைப் படம் நினைவுக்கு வந்தது. சோழர் படை உண்மையில் இங்கு வந்ததா?

ஊர் திரும்பியதும் கல்வெட்டுச் செய்திகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஏறத்தாழ 1023-இல் நிகழ்ந்த வடநாட்டுப் படையெடுப்பில் ஒட்ட விஷயம், கோசலை நாடு, தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காள தேசம், உத்திரலாடம் ஆகியவற்றை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடுகிறது. இவை பெரும்பாலும் இன்றைய ஒடிசா, வங்காளப் பகுதிகளைச் சார்ந்தவை. படையை நடத்திச் சென்றவர் தளபதி என்றும், தோற்ற மன்னர்களைக் கொண்டு கங்கை நீரைச் சுமக்கச் செய்தார் என்றும், இராசேந்திரன் கோதாவரிக் கரையில் அவரை எதிர்கொண்டான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இமயமும் இல்லை, பனிக்குகையும் இல்லை.

கங்கையின் நீளம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். சோழர் தொட்டது அதன் கடைப்பகுதி; கோமுகம் அதன் தலைப்பகுதி. வங்காளத்தில் ஓடும் கங்கையில் பனி உருகிய நீரைவிட மழைநீரே மிகுதி. கங்கைகொண்ட சோழபுரத்தில் வெற்றித்தூண் எனப் போற்றப்பட்ட சோழகங்கம் ஏரிக்கு வந்து சேர்ந்தது அந்தச் சமவெளி ஆற்றின் நீரே.

உண்மையைக் கூறுவதானால், இதனை அறிந்ததும் எனக்கு வருத்தமே மேலிட்டது. எத்தனை வகுப்புப் பிள்ளைகளின் மனத்தில் அந்தத் தவறான படத்தைப் பதித்துவிட்டேன்! அவர்களில் பலர் இன்று இடைநிலைப்பள்ளி மாணவர்கள். சிலர் பெற்றோராகவும் ஆகிவிட்டனர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், "உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூறுங்கள்" என்று எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி கூறுவார். தெரியாததைத் தெரிந்ததாகவே நம்பிக்கொண்டிருப்பவருக்கு அந்த அறிவுரை எப்படி உதவும்?

பள்ளி திறந்ததும் அதே வகுப்பில் மீண்டும் அந்தப் படத்தை வரைந்தேன். பின்னர் வீரர்களையும் குடங்களையும் அழித்து, பலகையின் வலக்கோடியில் வங்காளத்தில் வரைந்தேன். "இதுவரை டீச்சர் சொன்னது தவறு" என்றேன். குகைக்குள் எடுத்த படம் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும் விளக்கினேன். கேள்வி கேட்ட மாணவி சற்று யோசித்து, "அப்படின்னா அவங்க தண்ணிதான் கொண்டு வந்தாங்க, டீச்சர்" என்றாள். பிறகு, "ஆனா ரொம்ப தூரம் தூக்கிட்டு வந்திருக்காங்க" என்றாள். இராசேந்திரனின் பெருமை இம்மியும் குறையவில்லை. வங்காளத்திலிருந்து காவிரிநாடு வரை நீர்க்குடம் சுமப்பதும், 1025-இல் கடல் கடந்து கடாரத்திற்குக் கப்பற்படை அனுப்புவதும் சிறிய செயல்களா? அவற்றுக்குப் பனிக்குகை என்னும் ஒப்பனை தேவையே இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்; பினாங்கிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பலாம். அங்குள்ள சண்டிகளையும் கற்களையும் காட்டி, "இது சோழர் கட்டியது" என்று உடனே முடிவு கூறிவிடாதீர்கள். கல்லில் என்ன இருக்கிறது, நாம் என்ன ஊகிக்கிறோம் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் இப்போது இந்தப் பழக்கம்தான் நடைமுறையில் உள்ளது. இரண்டாம் பத்தியே பெரும்பாலும் நீளமாக இருக்கிறது; முதலாவது சுருங்கியிருந்தாலும் அதனை அசைக்க முடிவதில்லை.

ஆசிரியர்களே, நீங்களும் வகுப்பில் கூறிய ஏதேனும் ஒன்றைப் பின்னர்த் திருத்தியதுண்டா? எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்வேன்.