வேலைப் பரீட்சையிலிருந்து பட்டப் பாடத்துக்கு: கண்டிப் பிரதேசத்தில் கொரிய மொழிக் கல்வி

இலங்கையில் கொரிய மொழி பரவலாகக் கற்கப்படுவதற்கு வழி திறந்தது ஒரு தொழிலாளர் ஒப்பந்தம். அதற்கு முன்னிருந்த தொடர்புகள் மெல்லியவை. 1913இல் அநகாரிக தர்மபால கொரியாவுக்குக் கொண்டுசென்ற புத்த தாது இன்று சியோலின் ஜோக்யேசா விகாரையில் இருக்கிறது. 1977 நவம்பரில் இரு நாடுகளும் இராஜதந்திர உறவை ஏற்படுத்தின. 1990இல் கொரியா முதன்முறையாக வெளிநாடுகளுக்கு இளைஞர் தொண்டர்களை அனுப்பியபோது இலங்கையும் அந்நாடுகளில் ஒன்றாக இருந்தது. இவற்றில் எதுவும் ஊர்தோறும் வகுப்புகளை உருவாக்கவில்லை.

தென்கொரியா 1993இல் கொண்டுவந்த தொழிற்பயிற்சியாளர் முறை முறைகேடுகளால் பழுதுபட்டது. அதன் இடத்தை நிரப்ப 2004இல் ஈபிஎஸ் எனப்படும் வேலை அனுமதி முறைமை நடைமுறைக்கு வந்தது. முதலில் உடன்படிக்கை செய்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தனியார் முகவர்களை விலக்கி, அரசுக்கு அரசு என்ற அடிப்படையில் ஆட்களைத் தெரிவுசெய்வது இம்முறையின் சாரம். இலங்கையில் அப்பொறுப்பு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் வந்தது. மொழிப் பரீட்சையில் சித்தியடைவது கட்டாயமாக்கப்பட்டதும் கொரிய மொழிக்கு ஒரே இரவில் சந்தை மதிப்பு ஏற்பட்டது. தரகருக்குக் கொடுக்கப் பணமில்லாத இளைஞனுக்குக்கூடப் படிப்பால் வெளிநாடு போகலாம் என்ற நிலை பிறந்தது. இம்முறைமை செய்த நன்மைகளில் இதுவே பெரியது.

தேயிலைத் தோட்டங்களும் சிறு வணிகமும் சூழ்ந்த, கண்டிப் பிரதேசத்துக் கம்பளை போன்ற ஊரில் இது அழுத்தமாகவே உணரப்பட்டது. மகாவலிக் கரையில், பேராதனையிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் அமைந்த இந்நகரில் சிங்களவரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் கலந்து வாழ்கின்றனர். பரீட்சைக்கான நியமப் பாடநூல் சிங்கள மொழிபெயர்ப்போடு கிடைத்ததால் வகுப்புகளும் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடந்தன. தமிழ்மொழி மூலம் படித்த மாணவர், சிங்களத்தின் வழியாகக் கொரியத்தை அடையும் இரட்டைச் சுமையை ஏற்க வேண்டியிருந்தது. இக்கல்வி வரலாற்றில் போதிய கவனம் பெறாத பக்கம் இது.

அடுத்த திருப்பம் தொலைக்காட்சியால் வந்தது. ‘டே ஜாங் கும்’ என்ற கொரியத் தொடர் ‘சுஜாத தியணி’ என்ற பெயரில் ரூபவாஹினியில் 2012-13 காலப்பகுதியில் ஒளிபரப்பாகி நாட்டையே ஈர்த்தது. அதுவரை தொழிற்சாலை வேலை தேடிய ஆண்களின் மொழியாக இருந்தது, பாடசாலை மாணவிகள் விரும்பிக் கற்கும் மொழியாகவும் மாறத் தொடங்கியது. களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் கொரியம் பட்டப் பாடமாக இடம்பெற, கற்றலின் நோக்கம் மேலும் விரிந்தது.

வேலைக்காகக் கற்பது, பட்டத்துக்காகக் கற்பது என்ற இந்த இரு பாதைகளும் பிரியும் இடம் இடைநிலை மட்டம். வேலைக்கான மொழிப் பரீட்சை வாசிப்பையும் கேட்டலையும் மட்டுமே சோதிக்கிறது. தொழிற்கூட அறிவித்தல், கருவிகளின் பெயர், சம்பளச் சீட்டு, பாதுகாப்பு விதி ஆகியவையே அதன் உலகம். 1997இல் தொடங்கிய டோபிக் என்னும் பொதுத் தேர்ச்சிப் பரீட்சையில் ஆறு நிலைகள் உண்டு. மூன்றும் நான்கும் இடைநிலை. 300 புள்ளிகளில் 120 பெற்றால் மூன்றாம் நிலை, 150 பெற்றால் நான்காம் நிலை. எழுத்துத் திறன் இங்கேதான் முதன்முறையாகச் சோதிக்கப்படுகிறது. ஒரு வினா வரைபடத்தையோ புள்ளிவிவரத்தையோ 200 முதல் 300 எழுத்துகளில் விளக்கச் சொல்கிறது. இன்னொன்று 600 முதல் 700 எழுத்துகளில் கட்டுரை கேட்கிறது. வேலைப் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்றவரும் இங்கே திணறுவது இயல்பு.

இலக்கணத்தைப் பொறுத்தவரை தமிழ் மாணவருக்கு இடைநிலை அச்சமூட்ட வேண்டியதில்லை. கொரியத்திலும் வினை இறுதியில் வருகிறது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டுகின்றன. இடைநிலைப் பாடங்களில் ஆங்கிலம் வழி கற்போரை வருத்தும் துணைவினைகளைப் பார்க்கலாம். ‘மொகொ பொதா’ என்பது ‘சாப்பிட்டுப் பார்’. ‘கா பொரிதா’ என்பது ‘போய்விடு’. ‘சொ துதா’ என்பது ‘எழுதி வை’. பார், விடு, வை என்ற வினைகள் தம் பொருளை இழந்து துணையாக நிற்கும் அதே முறை. ‘நான் படித்த புத்தகம்’ என்ற பெயரெச்சத் தொடரும், ‘வருவதாகச் சொன்னார்’ என்ற அயற்கூற்றும் கொரியத்தில் ஏறத்தாழ அதே ஒழுங்கில் அமைகின்றன. சிங்களத்துக்கும் இவ்வியல்புகளில் பல உண்டு என்பதால் வசதி இரு மொழியினருக்கும் பொது. ஒலியில் ஒரு தனி ஒற்றுமை தமிழுக்கு உண்டு: ‘காகம்’ என்பதில் முதல் ககரம் வல்லோசையாகவும் இரண்டாவது மெல்லோசையாகவும் ஒலிப்பதுபோல, கொரிய எழுத்தும் இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. மூச்சொலி சேர்ந்த எழுத்துகளும் இறுக்கி ஒலிக்கும் எழுத்துகளுமே தனிப் பயிற்சி வேண்டுபவை.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். 1984இல் மோர்கன் கிளிப்பிங்கர் சொற்களை வைத்து அக்கருத்தைப் புதுப்பித்தார். மொழியியலாளர் பெரும்பாலோர் இன உறவை ஏற்கவில்லை. ‘அம்மா’, ‘அப்பா’ போன்ற சொற்கள் உலகின் பல மொழிகளில் தற்செயலாக ஒத்திருப்பவை. அவற்றை வைத்து உறவு நாட்டுவது பலவீனமான வாதம். வாக்கிய அமைப்பின் ஒற்றுமையைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்த, இன உறவு தேவையுமில்லை.

பண்பாட்டுப் பாடத்தில் உறவுமுறை முதன்மையானது. ‘குன் அபொஜி’ என்றால் சொல்லுக்குச் சொல் பெரிய அப்பா. தந்தையின் மூத்த சகோதரர். தந்தையின் சகோதரி ‘கொமொ’, தாயின் சகோதரி ‘இமொ’. அத்தையும் சித்தியும் வேறு என்பதை மலையக மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. மாறாக, அண்ணனை ஆண் ‘ஹியொங்’ என்றும் பெண் ‘ஒப்பா’ என்றும் அழைப்பது தமிழில் இல்லாத வேறுபாடு. வயதையும் பதவியையும் பார்த்து வினைமுற்றையே மாற்றுவது கொரியத்தில், தமிழின் நீ, நீங்கள் என்ற இரு படிகளோடு நின்றுவிடாமல் மேலும் நுணுக்கமாகப் பிரிகிறது.

உண்மையான தடை சொற்களஞ்சியம். இடைநிலையில் சீன மூலச் சொற்கள் பெருகுகின்றன. கல்வியைக் குறிக்கும் ‘ஹக்’ என்ற அசையே ‘ஹக்கியோ’ (பாடசாலை), ‘ஹக்செங்’ (மாணவர்), ‘முன்ஹக்’ (இலக்கியம்), ‘குவாஹக்’ (விஞ்ஞானம்) என்பவற்றில் வருகிறது. இவ்வேர்களைத் தொகுத்துத் தமிழில் விளக்கும் கையேடும், துணைவினைகளைத் தமிழோடு நேரடியாக ஒப்பிடும் இலக்கண நூலும் கம்பளை மாணவருக்கு உடனடித் தேவை. கொரிய அரசின் புலமைப்பரிசிலில் பட்டப்படிப்புக்குச் செல்வோர் ஓராண்டு மொழிப் பயிற்சிக்குள் டோபிக் மூன்றாம் நிலையை அடைந்தாக வேண்டும். அந்த ஓராண்டுக்கான அடித்தளம் ஊரிலேயே, தாய்மொழியிலேயே இடப்படலாம்.